பழைய பிக்கப்புக்கு டர்போ: பழவேற்காட்டுக் கரையில் ஒரு கணக்கு

பழவேற்காடு ஏரியின் அக்கரையிலுள்ள பசியாவரம் காலங்காலமாகப் படகில்தான் இக்கரைக்கு வந்து போன ஊர். ஏரியில் பிடித்த இறாலும் நண்டும் மடவையும் பழவேற்காட்டுக் கரை ஏறிய பிறகுதான் சக்கரத்தைப் பார்க்கும். அங்கிருந்து பொன்னேரி, கொல்கத்தா நெடுஞ்சாலை, செங்குன்றம், சென்னை. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஐஸ் உருகுவதற்குள் மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். அரை மணி நேரம் தாமதமானால் இறாலுக்கு ஒரு விலை, ஒரு மணி நேரம் தாமதமானால் வேறொரு விலை.

இப்படி ஓடும் வண்டிக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவரிடம் இருப்பது புது வண்டி இல்லை. டாடாமொபைல் வகைப் பழைய பிக்கப். 1948 சிசி, நாலு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல் எஞ்சின். லோடு ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்ததும் பின்னால் வரும் பொலிரோக்காரர் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். டர்போ வண்டி. இவருக்கும் ஆசை வருகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய டர்போ கிடைக்கும், லேத் பட்டறையில் மேனிஃபோல்டு அடித்துக்கொள்ளலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிவிடலாம் என்று யாரோ சொல்லியும் வைத்திருக்கிறார்கள்.

பட்டறைப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“அண்ணே, டர்போ போட்டா வண்டி பறக்குமா?”

“பறக்கும் தம்பி. ரெண்டு வாரத்துல ஹெட் கேஸ்கெட்டும் கூடவே பறக்கும்.”

மெக்கானிக் அண்ணன் சொன்னது பாதி கிண்டல், பாதி அனுபவம். ஆனால் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் அந்தக் கிண்டலையும் ஏற்க வேண்டியதில்லை, ஆசையையும் ஏற்க வேண்டியதில்லை.

டர்போ இந்தக் கரைக்கு அந்நியமான பொருளும் இல்லை. ஏரியின் மேற்கே, தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் 2016 ஏப்ரலில் இசுசு தன் தொழிற்சாலையைத் திறந்தது. அங்கிருந்து வரும் டி-மேக்ஸ் பிக்கப்புகள் எல்லாமே டர்போ டீசல்கள். தெற்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். சென்னையைத் தாண்டி மாமல்லபுரம் போகும் பழைய சாலையில், பையனூரில், 1982-ல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம் டர்போக்களையே தயாரிக்கிறது. நாட்டில் ஓடும் எத்தனையோ லாரிகளிலும் கார்களிலும் அந்தக் கம்பெனியின் சரக்கு சுழன்றுகொண்டிருக்கிறது. பிக்கப் செய்பவர்களும் டர்போ செய்பவர்களும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மீன் வண்டிக்காரருக்கு ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டர்போவின் வேலை என்ன? எஞ்சின் எரித்துத் துப்பும் புகைக்காற்று, சைலன்ஸருக்குப் போகும் வழியில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அது ஒழுங்காக வேலை செய்ய இருபது ஆண்டுகள் பிடித்தன. 1925-ல் ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில், பத்து சிலிண்டர் டீசல் எஞ்சின்களுக்கு டர்போ பொருத்தியபோது, 1750 குதிரைத்திறன் 2500 ஆனது. எஞ்சினின் அளவு மாறவில்லை. உள்ளே போன காற்று கூடியது, அந்தக் காற்றுக்கு ஏற்ற டீசலும் கூடியது. பட்டறைகளில் அடிக்கடி மறந்துபோவது அந்த இரண்டாம் பாதிதான்.

வண்டிக்காரருக்கு ஒரு நல்ல சாட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. டாடா 1988-ல் கொண்டுவந்த பிக்கப்பின் 1948 சிசி எஞ்சினே 1991-ல் சியராவில் வந்தது, பிறகு சுமோவிலும் ஓடியது. டர்போ இல்லாமல் அதன் சக்தி 60 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். 1997-ல் டர்போ சியரா வந்தது, 1998-ல் சஃபாரி வந்தது. அதே 1948 சிசி, சக்தி மட்டும் 90-ஐ ஒட்டி ஏறியது. ஆகவே இந்த எஞ்சின் குடும்பத்துக்கு டர்போ ஒத்துவருமா என்ற கேள்விக்குக் கம்பெனியே பதில் சொல்லிவிட்டது. ஒத்துவரும்.

ஆனால் கம்பெனி டர்போவை மட்டும் மாட்டிவிட்டு வண்டியை வெளியே அனுப்புவதில்லை. மெர்சிடிஸ் 1978-ல் தன் ஐந்து சிலிண்டர் டீசலுக்கு டர்போ வைத்து 300 எஸ்டி காரை விற்றபோது, பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சும் சிறு குழாய்களைச் சேர்த்தது. புகைபோக்கி வால்வுகளுக்குள் சூடு கடத்துவதற்காகச் சோடியத்தை நிரப்பியது. அமெரிக்காவில் ஃபோர்டு பிக்கப்புகளின் 7.3 லிட்டர் டீசல் 1993-ல் கம்பெனி டர்போவோடு வந்தபோது பிஸ்டனும் பிஸ்டன் பின்னும் வலுவானவையாக மாறியிருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நத்தைக்கூடு போன்ற டர்போ மட்டும் புதிதாகத் தெரியும். செலவான மூளை எல்லாம் உள்ளே.

அதே ஃபோர்டு எஞ்சின்தான், கம்பெனி டர்போ வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வெளிச்சந்தை டர்போவுக்கும் பெயர் பெற்றது. கலிபோர்னியாவின் கேல் பேங்க்ஸ் நிறுவனம் அந்த டர்போ இல்லாத பிக்கப்புகளுக்கென்று தொகுப்பு விற்றது. மேனிஃபோல்டு, குழாய், எண்ணெய் வழி என எல்லாம் ஒரே பெட்டியில். குதிரை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலை ஏறிய விவசாயிகள் வாங்கினார்கள். அழுத்தத்தை அடக்கமாக வைத்திருந்ததால் உள்ளே எதையும் மாற்றாமலேயே பல எஞ்சின்கள் நீண்ட நாள் ஓடின. ஆக, மெக்கானிக் அண்ணன் சொல்வது போல ஹெட் கேஸ்கெட் பறந்தே தீர வேண்டும் என்பதில்லை. அளவோடு நின்றால் பிழைக்கும்.

அந்த அளவு எது? இங்கேதான் காகிதமும் பேனாவும் வேண்டும்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை உறிஞ்சும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் 1948 சிசி எஞ்சின், கணக்குப்படி 2922 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். ஃபில்டரும் குழாயும் வால்வும் வழியை மறிப்பதால் முழுதாக நிரம்பாது. 85 விழுக்காடு நிரம்புவதாக வைத்துக்கொண்டால் 2480 லிட்டர். பழவேற்காட்டின் 35 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.15 கிலோ. ஆக எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 2.85 கிலோ காற்று கிடைக்கிறது. கரும்புகை கக்காமல் எரிய, ஒரு பங்கு டீசலுக்கு இருபது பங்கு காற்றாவது வேண்டும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 142 கிராம் டீசல். இந்தப் பழைய வகை எஞ்சின் ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் கொடுக்க 280 கிராம் குடிக்கும் என்று எடுத்துக்கொண்டால், அந்த 3000 சுற்றில் கையில் இருப்பது சுமார் 41 குதிரைத்திறன்.

இப்போது டர்போ. அழுத்தத்தை அரை பார் மட்டும் கூட்டுவோம். வெளிக்காற்று ஒரு பார். உள்ளே போவது ஒன்றரை. அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆனதால் காற்றும் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது என்று மனம் துள்ளும். ஆகாது. காற்றை அழுத்தினால் சூடேறும். பழைய டர்போவின் கம்ப்ரஸர் 65 விழுக்காடு திறனோடு வேலை செய்தால், 35 டிகிரியில் நுழைந்த காற்று 93 டிகிரியில் வெளியேறும். சூடான காற்று விரிந்து எடை குறையும். கணக்கை முடித்துப் பார்த்தால் கூடுதலாகக் கிடைத்த காற்று 50 விழுக்காடு இல்லை, 26 விழுக்காடுதான். மீதியைச் சூடு தின்றுவிட்டது.

நடுவில் இன்டர்கூலர் வைத்து அந்தக் காற்றை 55 டிகிரிக்கு இறக்கினால் லாபம் 40 விழுக்காடாக உயர்கிறது. நிமிடத்துக்கு நாலு கிலோ காற்று, 200 கிராம் டீசல், 58 குதிரைத்திறன். பொலிரோக்காரரைப் பிடிக்க முடியாவிட்டாலும் அவருடைய ஹாரனைக் கொஞ்சம் குறைக்கலாம்.

இந்த நாலு கிலோ என்ற எண்தான் புதுப்பேட்டைக்குக் கையில் எடுத்துப் போக வேண்டியது. டர்போவைப் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று வாங்குபவர்கள் உண்டு. லாரி டர்போவை மலிவாகக் கிடைத்தது என்று தூக்கி வந்தால், பிக்கப்பின் புகைக்காற்று அதன் சக்கரத்தை எழுப்பவே திணறும். அழுத்தம் வருவதற்குள் பொன்னேரி வந்துவிடும். ரொம்பச் சின்னதாக எடுத்தால் நெடுஞ்சாலையில் மூச்சு முட்டும், புகைக்காற்று வெளியேற வழியின்றி எஞ்சின் சூடேறும். இரண்டு லிட்டர் டீசல் காரிலிருந்து கழற்றியதுதான் பொருத்தம். அதே 1948 சிசி டர்போ சஃபாரியிலிருந்து மேனிஃபோல்டோடு கிடைத்தால் லேத் வேலையே பாதி மிச்சம்.

கடையில் சோதிக்க வேண்டியதும் எளிது. ஃபில்டர் பக்கமிருந்து தண்டின் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். கைக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால் அது செத்த டர்போ. பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், எண்ணெய் படலத்தில் மிதக்கும் தண்டு அது; ஆனால் சக்கரத்தின் இதழ் கூட்டில் உரசக் கூடாது. இதழ்களின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தால் முன்பு ஓட்டியவர் ஃபில்டரைக் கவனிக்காமல் மணலை ஊட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

குட்டி யானை வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். 2005-ல் வந்த டாடா ஏஸின் முதல் எஞ்சின் 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். மேற்படி கணக்கில் அதற்குக் கிடைப்பது நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று. புதுப்பேட்டையில் குவிந்து கிடக்கும் கார் டர்போக்கள் அதற்குப் பெரிது. அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

காற்று கூடிவிட்டது. டீசலைக் கூட்டுவது யார்? எஞ்சினுக்கு டீசலை அளந்து தள்ளும் மைக்கோ பம்ப். டர்போ வண்டிக்கென்று செய்த பம்பில் ஒரு டயாப்ரம் இருக்கும். டர்போ அழுத்தம் ஏற ஏற அது டீசலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தரும். டர்போ இல்லாத வண்டியின் பம்பில் இது கிடையாது. அந்தப் பம்பை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டினால் எல்லா நேரமும் கூடும். டர்போ இன்னும் எழாத கீழ்ச் சுற்றில், சிக்னலில் கிளம்பும்போது, கரும்புகை. மேலே காற்றுக்கு ஏற்ற டீசல், கீழே காற்றில்லாத டீசல். ஆகவே பம்பையும் டர்போ வகையாக மாற்றுவது அல்லது பம்ப் கடையில் கொடுத்து டயாப்ரம் வைத்த மேல்மூடியைப் பொருத்திச் சோதனை மேசையில் அளந்து வாங்குவது. டர்போவைவிட இந்த வேலைக்குச் செலவு அதிகமாகலாம். பலர் இதைத் தவிர்த்துவிட்டு ஸ்க்ரூவைத் திருகுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பறந்துபோன ஹெட் கேஸ்கெட்டுகளின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

அந்தத் திருகலின் விளைவைக் கண்ணால் பார்க்க ஒரே வழி, புகைக்காற்றின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர். வீட்டுப் பட்டறைத் திட்டங்களில் முதலில் வெட்டப்படும் செலவு இதுதான். கடைசியில் அதிகம் அழவைப்பதும் இதுதான். டீசலைக் கூட்டினால் சக்தி வரும், கூடவே சூடும் வரும். பிஸ்டன் அலுமினியம். டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் அளந்தால் 700 டிகிரிதான் நீண்ட நேரம் ஓட்டுவதற்கான எல்லை என்று பழகியவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். டர்போவுக்குப் பின்னால் அளந்தால் வெப்பம் நூறு டிகிரிக்கு மேலும் குறைவாகக் காட்டக்கூடும். மனசு குளிரும், பிஸ்டன் உருகும். மேனிஃபோல்டில் துளை போடும்போது அதைக் கழற்றி எடுத்துப் போட வேண்டும். வண்டியில் வைத்தபடியே துளைத்தால் விழும் இரும்புத் துகள், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலப்போகும் சக்கரத்துக்கு முதல் விருந்து.

அவ்வளவு வேகத்தில் சுழலும் தண்டைத் தாங்குவது எண்ணெய் படலம் மட்டுமே. எண்ணெய் போகும் குழாயைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். திரும்பி வரும் குழாய்தான் கவிழ்க்கும். திரும்பும் எண்ணெய்க்குத் தள்ளிவிட ஆளில்லை, தன் எடையால்தான் இறங்க வேண்டும். குழாய் அகலமாக, மடிப்பில்லாமல், நேர்கீழாக இறங்கி, எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். எண்ணெய்க்குள் முங்கினாற்போல் சேர்த்தால், டர்போவில் தேங்கிய எண்ணெய் சீலைத் தாண்டி ஒழுகி, நீலப் புகையாக வெளியேறும். டர்போ கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு டர்போ வாங்குவார்கள். அதுவும் ஒழுகும்.

ஓட்டும் பழக்கமும் மாற வேண்டும். மார்க்கெட்டில் நுழைந்து சடாரென்று சாவியைத் திருப்பினால், கொதிக்கும் டர்போவுக்குள் எண்ணெய் ஓட்டம் நின்று கரியாகப் படியும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும். விடிகாலை கூட்டத்தில் பின்னால் நிற்பவர் கத்திக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு நிமிடம் எளிதில்லை.

அரை பாருக்கு மேல் போகாமல் தடுப்பது வேஸ்ட்கேட். அதன் வேலையைச் செய்ய வைப்பது, கம்ப்ரஸரிலிருந்து வரும் ஒரு மெல்லிய ரப்பர் குழாய். அது வெடித்தாலோ கழன்றாலோ வேஸ்ட்கேட் திறக்காது, அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். சில ரூபாய்க் குழாய், முழு எஞ்சினைப் பணயம் வைக்கிறது. பழவேற்காட்டில் இந்தக் குழாய்க்கும் கிளாம்புக்கும் ஆயுள் குறைவு. உப்புக்காற்று ஒரு பக்கம். மீன் பெட்டியிலிருந்து சொட்டும் உப்பு நீர் இன்னொரு பக்கம். அலுமினிய இன்டர்கூலரை இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டினால், உப்பு ஈரத்தில் இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துப் பொடியாகும். நடுவில் ரப்பர் வைக்க வேண்டும், அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஃபில்டரின் வாயை வண்டிச் சக்கரத்துப் பக்கம் வைக்காமல் உயரத்தில் வைக்க வேண்டும். கரையோரச் சாலையில் பறக்கும் மணல், மழையில் தெறிக்கும் உப்புச் சேறு இரண்டுமே கம்ப்ரஸர் இதழுக்கு எதிரி.

எஞ்சினுக்கு வெளியே இருக்கும் பட்டியலைச் சீக்கிரம் சொல்லிவிடலாம்: கிளட்ச், ரேடியேட்டர், பிரேக். 40 விழுக்காடு கூடுதல் இழுவையைப் பழைய கிளட்ச் தட்டு தாங்காமல் நழுவலாம். தூர்ந்த ரேடியேட்டர் முதல் கோடையிலேயே கொதிக்கும். பிரேக் எப்போதும் போலத் தொண்ணூறுகளின் பிரேக்கே.

இவ்வளவையும் போட்ட பிறகு ஒரு சங்கடமான கேள்வி மிச்சமிருக்கிறது. இந்தச் சாலைக்கு டர்போ எதற்கு?

டர்போ தன் முழு அருமையைக் காட்டுவது மலையில். மேலே போகப் போகக் காற்று மெலியும், சாதாரண எஞ்சின் மூச்சிழக்கும், டர்போ அந்தக் குறையை ஈடுகட்டும். பழவேற்காட்டிலிருந்து சென்னைவரை, மேம்பாலங்களை விட்டால், ஒரு மேடுகூடக் கிடையாது; ஏரியின் மட்டமும் கடல் மட்டமும் ஒன்றே. மஹிந்திரா தாரின் டிஐ மாடல் 2010-ல் வந்தபோது அதன் 2523 சிசி டர்போ எஞ்சின் தந்தது 63 குதிரைத்திறன்தான். டர்போ இருந்தும் ஏன் இவ்வளவு குறைவு? அந்த டர்போவின் குறி உச்ச வேகமாக இல்லை. 1500 சுற்றிலேயே 180 நியூட்டன் மீட்டருக்கு மேல் இழுவை தருவதில் இருந்தது. கியர் மாற்றாமல் லோடு இழுக்க அதுதான் உதவும். மீன் வண்டிக்காரருக்கு வேண்டியதும் அந்தக் கீழ்ச் சுற்று இழுவைதான், நெடுஞ்சாலை வேகம் இல்லை. அதை மறந்து பெரிய டர்போவுக்கு ஆசைப்பட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

நேரம் எங்கே போகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் இன்னொன்றும் தெரியவரும். எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம். மீஞ்சூர் வழியாகப் போனால், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் டர்போ வண்டியும் சாதா வண்டியும் ஒரே வேகத்தில்தான் ஊரும். இறாலின் விலையைக் காப்பாற்ற, அந்தக் காசுக்கு நல்ல ஐஸ் பெட்டி வாங்கினால் பலன் நிச்சயம். எஞ்சின் ஆர்வலருக்கு இந்தப் பதில் பிடிக்காது. மீன் வியாபாரிக்குப் பிடிக்கும்.

படகுக்குப் போடலாமே என்று அடுத்த யோசனை வரும். ஃபைபர் படகுகளில் நீண்ட தண்டோடு ஓடும் ஒற்றைச் சிலிண்டர் டீசல், 3000 சுற்றில் ஒரு நொடிக்கு 25 முறை மட்டும் புகை துப்பும். நாலு சிலிண்டரில் அது 100. டர்போ சக்கரம் கேட்பது தொடர்ந்த ஓட்டத்தை. விட்டு விட்டு வரும் அடியில் அது ஒழுங்காகச் சுழலாது. அதோடு பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்பதைப் பாடு முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏரியில், முந்திப் போவதால் ஆகப்போவதும் குறைவு. கடலில் கதை வேறு. தமிழ்நாட்டில் விசைப்படகு எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் வரம்பு உண்டு. அதைத் தாண்டிய சீன எஞ்சின்களை வைத்துக் காசிமேட்டில் மீனவர்களுக்குள்ளேயே தகராறு மூண்டது. கரையோரத்தில் குதிரைத்திறன் பக்கத்துப் படகுக்காரரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

சாலையிலோ அது சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. பழைய சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும். பானட்டைத் திறந்தால் நத்தைக்கூடு பளிச்சென்று தெரியும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. முறையாகச் செய்வதென்றால் ஒரகடத்திலுள்ள வாகன ஆய்வு மையம் போன்ற இடத்தில் சோதித்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒற்றை வண்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

சட்டத்தையும் சாலையையும் சேர்த்துப் பார்த்தால் வண்டிக்காரருக்கு நேரான வழி, கம்பெனியே டர்போ வைத்த பிக்கப்பைப் பழையதாக வாங்குவது. அசோக் லேலண்ட் 2011-ல் கொண்டுவந்த தோஸ்த், ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. 2523 சிசி பொலிரோ பிக்கப்புகளும் சந்தையில் உண்டு. பம்ப், பிஸ்டன், எண்ணெய் வழி, பதிவுச் சான்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே வரும்.

சாலைக்கு வராத எஞ்சின் என்றால் பேச்சு வேறு. பட்டறை மூலையில் கிடக்கும் பழைய 1948 சிசி எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றி, டர்போ மாட்டி, கற்றுக்கொள்ள நினைக்கும் பொன்னேரி ஐடிஐ பையனுக்கு மேலே போட்ட கணக்கு அப்படியே உதவும். அங்கே ஹெட் கேஸ்கெட் பறந்தாலும் மீன் கெடாது.

கையிலிருக்கும் பழைய பிக்கப்பையே வைத்து ஓட்டப்போகிறவர், டர்போவுக்காக ஒதுக்கிய காசில் முதலில் அந்த வெப்ப மீட்டரை மட்டும் வாங்கி மாட்டலாம். கம்ப்ரஷன் பார்த்து, நாலு நாசிலையும் சோதித்து, பம்ப் டைமிங்கைச் சரிசெய்து, அடைத்துப்போன சைலன்ஸரை மாற்றிவிட்டு, ஒரு மாதம் முழு லோடில் ஓட்டி, செங்குன்றம் மேம்பாலம் ஏறும்போது முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதி வர வேண்டும். பழைய எஞ்சினில் காணாமல்போன சக்தியில் பெரும்பகுதி இந்தச் சில வேலைகளிலேயே திரும்பிவிடும். டர்போ இல்லாமலேயே முள் 650 டிகிரியைத் தொடுகிறது என்றால், புதுப்பேட்டைப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு நாசிலை இன்னொரு முறை கழற்றிப் பார்ப்பது நல்லது.